சாம்பல் படியாத சீல்

திருவொற்றியூர்
6 பிப்ரவரி 2025

அமானுக்கு லுப்னா எழுதுவது.

ஸலாம். புதுப் புது நம்பரிலிருந்து என்னைக் கூப்பிடுவதை நிறுத்து. நேற்று ஒரு ஆள் கூரியர் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றான். கரகரவென்று வயசான குரல். ‘பார்சல் வந்துகீதும்மா’ என்றான். பார்சல் என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினான். நீதான் என்று தெரிந்து வைத்துவிட்டேன். பொய் சொல்வதற்கு முன்னால் நீ அப்படித்தான் நிறுத்துவாய், பல் விழுந்து முளைத்த வயசிலிருந்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேங்க் மேனேஜர் குரலில் பேசி என்னிடமே ஓடிபி வாங்கினாயே, அன்றைக்கு அந்த நிறுத்தம் என் காதில் விழவில்லை. பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டாய், அது வேறு விஷயம். அதற்கப்புறம் உன் குரலில் எதைக் கேட்டாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது. வாட்ஸ்அப் வேண்டாம், அதில் அனுப்பிவிட்டு அழித்துவிடுவாய். பேப்பரில், உன் கையெழுத்தில், தபாலில் அனுப்பு. எழுத்தில் உன்னால் நடிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

உன் வடபழனி லாட்ஜ் விலாசத்தைக் கொடுத்தது எதிர் டீக்கடை செங்கொடி. கடைக்கு சீல் வைத்ததை உன்னிடம் உளறியதும் அவள்தானாம். ஆமாம், வைத்துவிட்டார்கள். நவம்பரில், சுப்புராஜ் என்று ஒரு அதிகாரி. ரோட்டை ஆக்கிரமித்திருக்கிறோமாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவனைக் கவனித்தார்கள், நான் கவனிக்கவில்லை. என் பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்திவிட்டுப் போனான். பூட்டு நம் அத்தா வாங்கியது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. திறந்தால் என் மேல் கேஸ்.

உள்ளே தார்ப்பாய் எல்லாம் மடித்தபடி அடுக்கிக் கிடக்கிறது. மெழுகு பூசின தார்ப்பாய் மூடின கடையில் கோடை வெயிலுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கிழியும். ஏப்ரல் தாண்டினால் எடைக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் உன் மச்சான் லாரி ஏறவில்லை. எங்களுக்கு இந்தக் கடை ஒன்றுதான்.

இதை உதவி கேட்டு எழுதவில்லை. நீ உன் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

லுப்னா

*

வடபழனி
10 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ மூச்சு விடுவதை வைத்து அடுத்த வார்த்தையை மாற்றிக்கொள்வேன். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைக் கட்டி மவுண்ட் ரோட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நம்பு. ஒரு சின்னப் படத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர். டைரக்டர் பெயர் பவானி, அவங்களுக்கு இது முதல் படம். கதை என்ன தெரியுமா? லஞ்சம் வாங்குகிற ஒரு அதிகாரியை ஒரு ஃப்ராடு ஏமாற்றுகிற கதை. சிரிக்காதே. ஃப்ராடு எப்படி உட்காருவான், எப்போது கடிகாரத்தைப் பார்ப்பான் என்று ஹீரோ என்னிடம்தான் வந்து கேட்டுக்கொள்கிறான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த தொழிலுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

படப்பிடிப்பு முழுக்க நம் பக்கம்தான். காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர். தெருவில் கேமரா வைக்க அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நான் போய் நிற்க வேண்டிய மேஜை எது என்று விசாரித்தேன். சுப்புராஜ் மேஜை. கடையை அவன் கையாலேயே திறக்க வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஒன்றும் செய்ய மாட்டேன். இதை எழுதுவதற்கு முன்னால் மூச்சை நிறுத்தினேனா இல்லையா என்பதை நீயே யோசித்துக்கொள்.

மச்சான் முட்டி எப்படி இருக்கிறது?

அமான்

*

திருவொற்றியூர்
14 பிப்ரவரி 2025

அமான்,

வேண்டாம்.

சுப்புராஜை உனக்குத் தெரியாது. போன வருஷம் தெருவே சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருகிறது, காயப்போட்ட துணி கறுக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று. அவன் காரில் வந்தான். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை, திரும்பிப் போனான். ‘ஆய்வு செய்ததில் சாம்பல் படிவு ஏதும் காணப்படவில்லை. சாலைப் புழுதி மட்டுமே’ என்று கையெழுத்துப் போட்டு பதில் வந்தது. செங்கொடி அதை டீக்கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பேப்பர் மேலேயே சாம்பல் படிந்து எழுத்து தெரிவதில்லை, வாரம் ஒருமுறை துடைக்கிறாள்.

கண்ணால் பார்த்ததையே இல்லை என்று எழுதித் தருகிற ஆளிடம் உன் நாடகம் எதற்கு ஆகும்? மாட்டினால் நீ ஊரை மாற்றிக்கொள்வாய். நான் கடையை எங்கே தூக்கிக்கொண்டு போவேன்?

கோர்ட்டுக்குப் போகலாம் என்று உன் மச்சான் சொல்கிறார். வக்கீல் ஜூனில் பார்ப்போம் என்கிறார். ஜூனில் உள்ளே தார்ப்பாய் இருக்காது, தார்தான் இருக்கும். ஆனாலும் உன் வழி எனக்கு வேண்டாம்.

லுப்னா

*

வடபழனி
25 பிப்ரவரி 2025

அக்கா,

திட்டுவதை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

அனுமதிக்காக அவனைப் பார்க்கப் போனேன். அதை யார் போயிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “கவனிப்பு என்ன மாதிரிங்க?” என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். “என்ன தம்பி பாக்கீங்க?” என்றான்.

“தப்பா நெனைக்காதீங்க சார். எங்க டைரக்டர் ஒரு ஆபீசர் கேரக்டர் எழுதிகிறாங்க. நேர்மையான ஆளு. கடைசி சீன்ல வந்து ஒரு ஏழைப் பொம்பளை கடைக்கு வெச்ச சீலைத் தன் கையால கிழிப்பாரு. ஆளே கெடைக்கலன்னு அலைஞ்சுகினு இருக்கோம். இந்த முகம்தான் சார் அது” என்றேன்.

கவனிப்பை மறந்துவிட்டான் அக்கா. போனில் முன் கேமராவைத் திறந்து முடியைச் சரி செய்துகொண்டான். விருதுநகர்ப் பக்கம் ஏதோ பள்ளி நாடகத்தில் கட்டபொம்மனாக நடித்தானாம். சட்டை எந்தக் கலரில் போட வேண்டும் என்று கேட்டான்.

பவானியின் கதையில் அந்த அதிகாரி நேர்மையானவன் இல்லை. ஏமாந்துபோய்த் தான் வைத்த சீலைத் தானே கிழிக்கிறவன். சுப்புராஜுக்கு ஒரு கதை, பவானிக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறேன். எடுக்கப்போவது ஒரே காட்சிதான்.

லொகேஷன் நம் கடை. ‘ஏற்கெனவே சீல் வைத்த கடை சார், உங்க அதிகாரத்தில் இருக்கிற இடம், வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்’ என்றேன். நீ என் அக்கா என்பது அவனுக்குத் தெரியாது. “என் சீல் மேல ஒரு கை படக் கூடாது, டம்மி செஞ்சு மேல வைங்க” என்றான். சரி சார் என்றேன். டம்மி இருக்காது. அவன் கிழிக்கப்போவது அவன் வைத்த சீலையேதான். தெருவே பார்க்கும், கேமரா பார்க்கும். அப்புறம் மறுபடி சீல் வைக்க வேண்டுமென்றால் முதல் சீலைக் கிழித்தது யார் என்று அவன் பதில் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டான்.

ஷூட்டிங் மார்ச் 10, திங்கட்கிழமை. நீ இல்லாமல் முடியாது. சாவி உன்னிடம் இருக்கிறது.

அமான்

*

திருவொற்றியூர்
3 மார்ச் 2025

அமான்,

நோன்பு நேற்றுத் தொடங்கியது. முதல் நோன்பு அன்றைக்கே உன் மேல் இவ்வளவு கோபப்பட வேண்டியிருந்தது. பேங்க் மேனேஜராகப் பேசினபோதும் உனக்கு இப்படித்தான் எல்லாம் சரியாகப் பொருந்தி வந்திருக்கும். ஏமாறுகிறவள் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, போனில் அது தெரிவதில்லை.

வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தேன். தபாலில் போடப் போகிற வழியில் கடை ஷட்டரில் கை வைத்துப் பார்த்தேன். மார்ச்சுக்கே கை வைக்க முடியவில்லை. உள்ளேயிருந்து மெழுகு வாசம் வருகிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வருகிறேன். ஆனால் நோன்போடு நின்று என் வாயிலிருந்து ஒரு பொய் வராது. எழுதிக் கொடுத்த வசனம் பேச மாட்டேன். யாராவது எதையாவது கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். இது ஒன்று. இது கெட்டுப்போனால் வேறு யார் தலையிலும் விழக் கூடாது. உன் மேலும் என் மேலும் மட்டும்தான் விழ வேண்டும். இதற்கு நீ சத்தியம் செய்ய வேண்டாம், உன் சத்தியத்தை வைத்து நான் என்ன செய்வது.

லுப்னா

*

காத்திவாக்கம்
7 மார்ச் 2025

அக்கா,

ஷூட்டிங் வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடும். நீ வசனம் பேச வேண்டாம். அவன் ‘சாவியைக் கொடும்மா’ என்பான், கொடு. திறந்து உன் கையில் கொடுப்பான், வாங்கிக்கொள். அழுகிற மாதிரி நிற்க வேண்டும் என்று பவானி எழுதியிருக்கிறார்கள். நீ எப்போதும் போல முறைத்துக்கொண்டு நில், போதும்.

அவனுக்குத் தினம் மூன்று போன். நேற்று முடிக்கு மை அடித்துவிட்டான்.

பயமாக இருக்கிறது அக்கா. இதுவரை எல்லா வேலையும் முகம் தெரியாமல் செய்தது. இந்தத் தடவை எதிரில் நீ நிற்கப் போகிறாய்.

அமான்

*

திருவொற்றியூர்
11 மார்ச் 2025

அமான்,

நேற்று என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே செய்திருந்தால் இந்தக் கடிதத்தோடு நமக்குள் எல்லாம் முடிந்தது.

தெரு முழுக்கக் கூட்டம். சுப்புராஜ் இஸ்திரி மடிப்போடு வந்தான். ‘இந்தக் கடை ஏழையின் உரிமை’ என்று அவனே ஒரு வசனத்தைச் சேர்த்துப் பேசினான். பவானி சரி என்று தலையாட்டினார்கள். துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தான், அரக்குத் துண்டு என் காலடியில் வந்து விழுந்தது. சாவி வாங்கினான், திறந்தான், என் கையில் வைத்தான். செங்கொடி கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். ஷட்டர் மேலே போனதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது நடிப்பில்லை.

அப்புறம் அந்தத் துணியைக் குனிந்து எடுத்தேன். செம்மண் நிறத்தில் இருந்தது.

இந்தத் தெருவில் எது செம்மண் நிறத்தில் இருக்கிறது? நவம்பரிலிருந்து நான் தினம் பார்த்த துணி அது. நாலே நாளில் சாம்பல் நிறமாகிவிட்டது. பூட்டும் சாம்பல், ஷட்டரும் சாம்பல். நடுவில் இது மட்டும் தெற்கே செம்மணல் தேரிக்காட்டிலிருந்து வந்த மாதிரி. முகர்ந்து பார்த்தேன், டீ டிகாக்‌ஷன் வாசம் வந்தது.

அவன் கிழித்தது டம்மி. அப்படியென்றால் அவன் வைத்த சீலை எடுத்தது யார்? அது எங்கே? கேமரா மயக்கத்தில் அவன் அதைத் தேடாமல், கடையைத் திறந்தபடியே விட்டுப் போய்விட்டான். நாளைக்கு அவன் வந்து ‘என் சீல் எங்கேம்மா’ என்று கேட்டால், சாவி வைத்திருக்கிறவள் நான். அரசாங்க சீலை உடைத்தேன் என்று என்னைத்தான் பிடிப்பார்கள்.

கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். ஷட்டரைப் பாதிதான் ஏற்றுகிறேன். கார் ஹார்ன் கேட்டால் எழுந்து நிற்கிறேன்.

லுப்னா

*

வடபழனி
13 மார்ச் 2025

அக்கா,

அத்தா மேல் ஆணையாக எனக்குத் தெரியாது. மானிட்டரில் எனக்குக் கலர் தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் ஆர்ட் அசிஸ்டென்ட் ஆன்றோவைப் போய்ப் பிடித்தேன்.

நடந்தது இதுதான். ஷூட்டிங்குக்கு முந்தின சாயங்காலம் சுப்புராஜ் நேராக ஆன்றோவுக்கே போன் போட்டு, ‘டம்மி சீல் ரெடியா, கிழிச்சுப் பழகணும்’ என்று கேட்டிருக்கிறான். ஆன்றோவிடம் யாரும் டம்மி செய்யச் சொல்லவே இல்லை, நான்தான் மறைத்துவிட்டேனே. மறந்துபோனோம் போலிருக்கிறது, மேடம் திட்டுவார்கள் என்று பயந்து, காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பழைய சீலைப் பிளேடால் பதமாக எடுத்து, தன் டம்மியை வைத்துவிட்டான். சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் எவனும் நடிகன் கையில் அசலைக் கொடுக்க மாட்டான். கண்ணாடி என்றால் சர்க்கரைக் கண்ணாடி, கத்தி என்றால் ரப்பர். லொகேஷனில் இருப்பதை எடுத்துப் பத்திரமாக வைத்து, முடிந்ததும் திரும்ப ஒட்டிக் கொடுப்பதுதான் பழக்கம். அதைத்தான் அவனும் செய்தான். புதுத் துணி பழசாகத் தெரிய டிகாக்‌ஷனில் நனைத்து, செம்மண் தேய்த்திருக்கிறான். அவன் நாகர்கோவில்காரன். அவன் ஊரில் தூசி என்றால் அந்த நிறம்தான்.

அசல் சீல் ஒரு பிஸ்கட் டின்னில் இப்போது என்னிடம் இருக்கிறது.

நான் சுப்புராஜுக்குப் போன் செய்து, ‘டம்மி விழுந்துவிட்டது சார், நீங்கள் கிழித்தது அசல்தான்’ என்று சொன்னேன். ‘அசலா?’ என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம், “போட்டோவைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றான். நம்பினானா என்று தெரியவில்லை.

நம்பாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பிளேடால் எடுத்தது ஆன்றோ. அதுதான் உண்மையும்கூட. அவன் பெயரைச் சொல்லிவிட்டால் உனக்கு ஒன்றும் வராது. அவன் சின்னப் பையன், வெளியே வந்துவிடுவான்.

அமான்

*

திருவொற்றியூர்
15 மார்ச் 2025

அமான்,

ஆன்றோ பெயரை நீ சொன்னால், சீலை எடுத்தது நான்தான் என்று நானே போய்ச் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன், இதற்கு மட்டும் சொல்வேன்.

வேறு யார் தலையிலும் விழக் கூடாது என்று மூன்றாம் தேதியே எழுதியிருந்தேன். படித்தாயா, இல்லை வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டாயா?

செங்கொடி ஒன்று காட்டினாள். சுப்புராஜ் கடை திறக்கிற போட்டோவைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான், ‘ஏழைப் பெண்ணின் கடையைத் திறந்து வைத்தபோது’ என்று. ஷூட்டிங் என்று ஒரு வார்த்தை இல்லை. அவன் மேலதிகாரி கீழே பாராட்டு எழுதியிருக்கிறாராம். அந்தப் போட்டோவில் துணி பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிறது. அவனுக்கும் கண் இருக்கிறது.

போன் செய்யாதே, அவனுக்கும் செய்யாதே. சும்மா இரு.

லுப்னா

*

திருவொற்றியூர்
20 மார்ச் 2025

அமான்,

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் சுப்புராஜ் வந்தான். கடையில் நானும், பக்கத்தில் கஞ்சி வாங்கிக் கொடுக்க வந்த செங்கொடியும் மட்டும். காரை விட்டு இறங்கி நடந்தே வந்தான். ஷட்டரை முழுசாக ஏற்றச் சொல்லி உள்ளே வந்து, கவுண்டரில் போனை வைத்து, போட்டோவை இரண்டு விரலால் பெரிசாக்கினான்.

“ஏம்மா, இந்தத் துணி செவப்பா இருக்கு. பூட்டப் பாரு, சாம்பக் கலரு. கதவும் அதே கலரு. நாலு மாசமா வெளியில கெடந்த துணி மட்டும் எப்படிம்மா செவப்பா இருக்கும்?” என்றான்.

நான் கவுண்டரில் கிடந்த தார்ப்பாயின் ஓரத்தை மடித்தேன்.

“நோன்பு வச்சிருக்க. நீ பொய் பேசமாட்டன்னு இந்தத் தெருவே சொல்லுது. சினிமாக்காரன் சொன்னத நான் நம்பல. நீ சொல்லு, நம்புதேன். நான் கிழிச்சது அசலா, டம்மியா? டம்மின்னா அசல எடுத்தவன உள்ள வைக்காம விடமாட்டேன். எடுத்தது நீயா இருந்தாலும் சரி.”

டம்மி என்று சொன்னால் ஆன்றோ போவான், இல்லாவிட்டால் நான். அசல் என்று சொன்னால் என் நோன்பு போகும். சத்தியமாகச் சொல்கிறேன் அமான், டம்மி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான்தான் எடுத்தேன் என்று கூடவே சொல்லிவிடலாம், ஒரு பொய்யோடு போகட்டும் என்று நினைத்தேன். அப்போது அவன் பின்னால் டீக்கடைச் சுவர் தெரிந்தது. செங்கொடி காலையில் துடைத்து வைத்த அந்தப் பேப்பர்.

“சார், துணி உங்க கையாலதான் கிழிஞ்சுது. நான் பார்த்தேன், தெருவே பார்த்துச்சு. அதுல சந்தேகம் இல்லியே?” என்றேன்.

“அது இல்லம்மா. கலரு.”

அங்கே ஒரு மூச்சு நிறுத்தினேன். நான் நிறுத்துவது எனக்கே கேட்டது. குரலையும் இறக்கினேன்.

“வெளிய கெடக்குற துணில சாம்பல் படிஞ்சிருக்கணும்னு சொல்றீங்க. இல்லாததால அது நீங்க வெச்ச துணி இல்லன்றீங்க. அதானே சார்?”

“ஆமா.”

“சரி சார். அப்ப இந்தத் தெருவுல சாம்பல் உழுதுன்னு எழுதிக் குடுங்க. நாலு நாள்ல ஒரு துணி கறுத்துப் போற அளவுக்கு உழுதுன்னு, உங்க கையெழுத்தோட. மொதல்ல அதை வாங்கிகினு நாங்க போவ வேண்டிய எடத்துக்குப் போறோம். அப்பால துணியைப் பத்தி நீங்க இன்னா கேட்டாலும் சொல்றேன். ஒரு வார்த்த மறைக்க மாட்டேன்.”

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். தான் எழுதினது என்ன என்று படிக்காமலே தெரிந்திருக்கும். கை கவுண்டர் மேல் இருந்தது. எடுத்தபோது விரல் நுனி கறுப்பாக இருந்தது, நான் காலையில்தான் துடைத்திருந்தேன். அதைப் பார்த்தான், கைக்குட்டையை எடுத்தான்.

செங்கொடிக்கு எதுவும் தெரியாது. கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, “இன்னா சார், கையெல்லாம் இன்னாவோ ஒட்டிகினு கீது?” என்றாள்.

“ரோட்டுப் புழுதிம்மா” என்றான்.

போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வாசலில் நின்று, “கடைய ஒழுங்கா நடத்து. ரோட்டுக்கு வெளிய சாமான் வைக்காத” என்றான். கார் போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். நோன்பு திறக்கிற பாங்கு சொன்னது காதில் விழவில்லை, செங்கொடிதான் தண்ணீரைக் கையில் கொடுத்தாள்.

கடை தப்பித்தது. அடுக்கில் மேலே இருந்த நாலைந்து தார்ப்பாய்தான் ஒட்டிவிட்டது, மற்றதெல்லாம் நன்றாகப் பிரிகிறது. உன் மச்சான் உட்கார்ந்தபடியே மடித்துக் கொடுக்கிறார். ஆன்றோவுக்கு ஒன்றும் வராது. படம் வெளியே வரும்போது சுப்புராஜுக்குத் தான் எந்த வேஷம் போட்டோம் என்று தெரியும். அப்போது திரும்ப வருவான். வரட்டும், சுவரில் அந்தப் பேப்பர் இருக்கும்.

ஆனால் தூக்கம் வரவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஆனாலும் அவனை ஏமாற்றினேன். அந்த மூச்சை நிறுத்தினேனே, அது யோசிக்க இல்லை. அவன் முகம் மாறுவதைப் பார்க்கத்தான். பார்த்தபோது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? உனக்கு இத்தனை வருஷமாக அப்படித்தான் இருந்ததா? நீ செய்ததை மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. உன்னைக் கொஞ்சம் புரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிட்டால் எடுப்பேன்.

அக்கா

*

வடபழனி
24 மார்ச் 2025

அக்கா,

நேற்று மத்தியானம் ஒரு போன் வந்ததே, யாரும் பேசாமல் வைத்துவிட்டார்களே, அது நான்தான்.

கடிதம் வந்ததிலிருந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று சுப்புராஜ் குரலில் ஆரம்பிக்க நினைத்தேன். அது வேண்டாம் என்று பட்டது. கூரியர்க்காரன் குரலும் வேண்டாம். பவானியிடம் பேசுகிற ஒரு குரல் இருக்கிறது, மரியாதையான குரல், அதுவும் நான் செய்து வைத்ததுதான். எதையும் முடிவு செய்யாமலே போன் போட்டுவிட்டேன். நீ எடுத்தாய். ‘அமானா?’ என்றாய்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். நீ மறுபடியும் ‘அமானா?’ என்றாய். இரண்டு தடவை கேட்டுவிட்டாயே என்று பயந்து வைத்துவிட்டேன். அப்புறம் லாட்ஜ் படியில் உட்கார்ந்து அழுதேன். யாரையும் ஏமாற்ற இல்லை, அழுகைதான் வந்தது.

சீல் இருக்கிற பிஸ்கட் டின்னைக் கொண்டு வருகிறேன். துணியை உதறவில்லை, நாலு மாதச் சாம்பலும் அதன் மேல் அப்படியே இருக்கிறது. வைத்துக்கொள், தெருவுக்கு ஒருநாள் வேண்டியிருக்கும். ஆன்றோவையும் கூட்டிவரட்டுமா? உன் கையால் பிரியாணி சாப்பிட வேண்டும் என்கிறான். அவன் தலையை நான் விற்கப் பார்த்தது அவனுக்குத் தெரியாது. வந்த அன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன், நீ பக்கத்தில் இரு.

பெருநாள் தொழுகை முடிந்து வருவேன். கதவைத் திறந்ததும் நீ முதலில் பேசு. எந்தக் குரல் வருகிறதோ அதில் பதில் சொல்கிறேன். அது நன்றாக இல்லையென்றாலும் கேட்டுக்கொள்.

உன் தம்பி
அமான்